ஒற்றையா இரட்டையா

யஷ்வந்த்பூர் மண்டிக்கு வெங்காய லாரிகள்
வந்து ஓயும்வரை அளக்க முடியாது.
மேசைக்குக் காற்றடைத்த கால்கள்தான், இருந்தும்
துமகூரு சாலையின் ஒவ்வொரு பள்ளமும்
எங்கள் வரைபடத்தில் மேடாக வந்து உட்காரும்.
ஆகவே இரவு இரண்டரை மணி.
ஆகவே நானும் இபுங்கோவும்
பிளாஸ்கில் ஆறிய காபியும்.

படலத்தின் கனம் இருபது நானோமீட்டர்.
சட்டைப் பொத்தான் அளவுக் கண்ணாடியில்
யாரோ மூச்சு விட்ட மங்கல் போல.
உள்ளே இரும்பு மேல்நோக்கி நிற்கிறது,
கடோலினியம் கீழ்நோக்கி.
பகை ஒன்றுமில்லை.
அப்படி நின்றால்தான் இரண்டுக்கும் தூக்கம் வரும்.

இங்கே நேரத்தைத் திருகி நீட்டலாம்.
இரண்டு தலைமயிர்ப் பருமன் கண்ணாடியைப் பின்னே தள்ளினால்
ஒளி ஒரு பிகோநொடி தாமதித்து வரும்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் போன வெள்ளிக்கிழமை
நான் நின்ற ஒரு மணி நேரத்தை
இதே திருகில் நீட்டினால்
கண்ணாடி செவ்வாயைத் தாண்டிப் போயிருக்கும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
லாரிகள் ஓயக் காத்திருந்தபோது.

துடிப்பு விழுகிறது.
ஒன்றே ஒன்று. முப்பத்தைந்து ஃபெம்டோநொடி.
பார்க்க ஏதுமில்லை, ஷட்டர் மட்டும் டிக் என்கிறது.
இரும்பு முதலில் மறக்கிறது.
கடோலினியம் நிதானம், சூடு உறைக்க அதற்கு நேரமாகும்.
மறந்த இரும்பு மீண்டு எழும்போது
எழுவது கீழ்நோக்கி.
ஒரு கணம்
(கணம் மிகப் பெரிய சொல், வேறு சொல் நம்மிடம் இல்லை)
இரண்டும் ஒரே திசை பார்க்கின்றன.
பிறகு கடோலினியமும் புரண்டுகொள்கிறது.
மறுபடி எதிரெதிர்.
மேலது கீழாக, கீழது மேலாக.

அந்த ஒரே திசையை நான் பார்த்ததில்லை.
எங்கள் ஒளிக்கு இரும்பைத்தான் தெரியும்.
மற்றதை, எக்ஸ் கதிர் வைத்திருப்பவர்கள்
சொல்லித்தான் நம்புகிறேன்.

ஜெபராஜ் இந்நேரம் மத்திகெரேயில்
சுவரைப் பார்த்துத் தூங்குவான்.
நான் நுழையும்போது அவன் கிளம்புவான்.
உவமை சொல்லாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
அணுக்கள் வாடகை கட்டுவதில்லை.
யார் கேஸ் புக் பண்ணுவது என்று
முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

மூன்றே முக்காலுக்கு ஷட்டர் ஒட்டிக்கொண்டது.
விடுவித்த பிறகு சண்டை:
விழுந்தது ஏழு என்கிறான் இபுங்கோ,
எட்டு என்கிறேன் நான்.
கேமராவில் ஒரு கறுப்புப் பொட்டு.
ஒற்றைப்படை என்றால் கறுப்பு.
அவன் ஜெயித்தான். ஒன்பதாகவும் இருக்கலாம்.
படலம் எதையும் எண்ணி வைப்பதில்லை,
ஒற்றையா இரட்டையா
அவ்வளவுதான் அதன் ஞாபகம்.

நொய்டா வேலைக்குப் போகலாம் என்றான் ஜெபராஜ்.
வேண்டாம் என்றான்.
போகலாம் என்றேன், நீ மட்டும் போ என்றேன்.
ஜனவரியிலிருந்து எத்தனை முறை,
எண்ணவில்லை.
நேற்று எதில் நின்றது என்பதும்
சரியாக நினைவில்லை.

கேட்டில் ருத்ரப்பா மஃப்ளருக்குள்ளிருந்து கேட்கிறார்,
"ஆய்த்தா மேடம்?"
"இல்ல" என்கிறேன்.
கன்னடத்திலும் அதே சொல்தான்,
எந்த மொழியில் சொன்னேன் என்று அவருக்கும் தெரியாது.

ஐந்தே முக்கால்.
முதல் பால் வண்டி, ஈரத் தார்,
ஒரு நாய் மட்டும் என்னை விசாரித்தது.
கதவைத் திறந்தால்
அவன் ஷூ போடக் குனிந்திருந்தான்.
நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.
ஒரே தரை, ஒரே ஓடு, மூலையில் விரிசல் விட்டது,
இருவரும் அதைப் பார்த்தோம்.

லேஸ் கட்ட இன்று அவனுக்கு
நேரம் பிடித்தது.